நியூரம்பர்க்கிலிருந்து நம்ம ஸ்டேஷன் வராது



தை பிறந்தால் ஊருக்கு வழி பிறக்கும். மாடல் ரயில்காரர்களான நமக்குக் கேட்டலாக் பிறக்கும். ஜனவரி முடிந்து பிப்ரவரி தொடங்கும் நாட்களில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் பொம்மைச் சந்தை கூடுகிறது. 1950 முதல் நடக்கிற சந்தை. அதை ஒட்டித்தான் ஃபாலர், அவ்ஹாகன், நோக், புஷ், ஃபீஸ்மான் என்று ஜெர்மன் கம்பெனிகள் எல்லாம் அந்த வருஷத்துப் புதுக் கட்டடங்களை அறிவிக்கின்றன. இங்கே பொங்கல் கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளி முடிப்பதற்குள் நம் ஆட்களின் போன் அலற ஆரம்பித்துவிடும். "மர ஆலை ஒண்ணு புதுசா வருதாம், பார்த்தீங்களா?" "அந்தப் பழைய சிக்னல் கேபினை மறுபடியும் போடுறாங்களாம்." "எச்ஓ ஸ்கேல்ல மட்டும்தானா? 'N' ஸ்கேல்காரன் எல்லாம் மனுஷன் இல்லையா?" அறிவிப்பு வந்த பிறகு சரக்கு வர ஆடியோ ஐப்பசியோ ஆகும். சில சமயம் அடுத்த கேட்டலாக்கே வந்துவிடும். அதுவரை அந்த ஒரு படத்தை, அதுவும் பாதி நேரம் வெறும் கம்ப்யூட்டர் வரைபடத்தை, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்போம். இந்தச் சுகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. வரிசையில் நானும்தான் நிற்கிறேன்.

சொல்ல வந்தது வேறு. நம் லேஅவுட்டுக்கு நிஜமாகவே வேண்டிய கட்டடம் அந்தப் பட்டியலில் எந்த வருஷமும் வரப்போவதில்லை. வரும் வரும் என்று நாம் பார்த்திருக்கும் நேரத்தில் அசல் கட்டடமே இங்கே ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஃபாலர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எவ்வளவு ஊர்ப்பாசம் அடைத்து வைத்திருக்கிறது என்று. சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சுவர்கள். வெள்ளைப் பூச்சுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு நிற மரச்சட்டங்கள். நுனி வளைந்த தட்டை ஓடு. பனி வழிந்து இறங்கட்டும் என்று செங்குத்தான கூரை. வீட்டுக்கு வீடு புகைபோக்கி. ஜன்னலுக்குக் கண்ணாடித் தகடு கொடுத்ததோடு விடாமல், உள்பக்கம் ஒட்ட அச்சடித்த திரைச்சீலைத் தாளும் வைத்திருப்பான். வீட்டுக்குள் ஆளே கிடையாது, தரைகூடக் கிடையாது, ஆனாலும் ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அந்த மனசுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

எட்வின் ஃபாலர், ஹெர்மான் ஃபாலர் என்ற அண்ணன் தம்பி 1946-இல் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் கூட்டன்பாக் என்ற சின்ன ஊரில் தொடங்கிய கம்பெனி அது. அந்த வட்டாரத்துப் பண்ணை வீடும் தண்ணீர் ஆலையும் இன்றும் அவர்கள் சரக்கில் இருக்கின்றன. அவர்கள் ஊரை அவர்கள் செய்தார்கள். ஃபோல்மர் கம்பெனி பாடன்-பாடன் ஸ்டேஷனைச் செய்தது, கூடவே தீப்பிடித்து எரியும் வருமான வரி அலுவலகம் ஒன்றையும் செய்தது; கூரையில் புகை வரும், உள்ளே விளக்கு மினுக்கும். (நம் ஊரில் அப்படி ஒரு கிட் போட்டால் எந்த அலுவலகத்தை எரிப்பது என்பதிலேயே சங்கம் இரண்டாக உடைந்துவிடும்.) அமெரிக்காவில் மில்வாக்கியில் இருக்கும் வால்தர்ஸ் தானியக் கிடங்கும் செங்கல் தொழிற்சாலையும் செய்கிறது. இங்கிலாந்தில் மெட்காஃப் அட்டையில் கல் வீடும் சர்ச்சும் செய்கிறது. எல்லாரும் அவரவர் தெருவைத்தான் சின்னதாக்கி விற்கிறார்கள். அந்தத் தெருவில் நாம் விருந்தாளி.

விளையாட்டாகச் செய்தது எப்படிச் சரித்திரமாகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஃபாலர் 1960-களின் தொடக்கத்தில் தெசின் வில்லா என்று ஒரு கிட் போட்டது. சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்டு ரயில் பாதையோரம் அம்ப்ரி என்ற ஊரில் நின்ற நவீன பாணி வீடு அதற்கு மூலம். அந்தக் காலத்தில் இப்படி நிறைய வந்தன: பெட்ரோல் பங்க், கண்ணாடிச் சுவர் வைத்த கடை, கான்கிரீட் சர்ச், அடுக்குமாடி. பையன்கள் ஒட்டி விளையாடிவிட்டுப் பரணில் போட்டார்கள். நிஜக் கட்டடங்கள் பலவற்றை ஜெர்மானியர்களே பிற்பாடு அசிங்கம் என்று இடித்துத் தள்ளினார்கள். 2018-இல் ஃபிராங்க்ஃபர்ட் கட்டடக்கலை அருங்காட்சியகம் இந்த பிளாஸ்டிக் வீடுகளை எடுத்து வைத்து ஒரு கண்காட்சியே நடத்தியது. போருக்குப் பிந்தைய நவீனக் கட்டடக்கலை எப்படி இருந்தது என்று காட்ட, பரணில் கிடந்த ஃபாலர் பெட்டிகள்தான் கைகொடுத்தன.

அது தானாக நடந்தது. தெரிந்தே செய்தவர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, ஆள் ஆஸ்திரேலியர். 1925-இல் பிரிட்டனுக்கு வந்தவர், ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கில் சுற்றித் திரிந்தபோது, கூரை வேய்ந்த பழைய வீடுகள் இடிபடுவதையும், கூரையைப் பிரித்து மாற்றுவதையும் பார்த்தார். தடுக்க அவரிடம் காசும் இல்லை, அதிகாரமும் இல்லை. அளவெடுத்தார். ஒரு வீட்டுக்கு எத்தனை கல், எந்த இடத்தில் சுவர் வீங்கியிருக்கிறது, எந்த ஜன்னல் பிற்காலத்தில் வைத்தது என்று குறித்துக்கொண்டு 1-க்கு 76 அளவில் அப்படியே கட்ட ஆரம்பித்தார். லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் 1954-இல் அதுவே பெண்டன் அருங்காட்சியகம் ஆயிற்று. இன்றைக்கும் அங்கே ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரே ஒரு வீட்டைக் கட்டுகிறார்கள். அந்தச் சிறு ஊருக்குள் ரயிலும் ஓடுகிறது, ஆனால் பார்க்கிறவர் கண் வீடுகளை விட்டு நகராது. ஹாம்பர்க்கின் மாடல் ரயில் கண்காட்சியான மினியாட்டூர் வுண்டர்லாண்ட் மாதிரி கோடிக்கணக்கில் கொட்டி, நிஜ எல்ப்ஃபில்ஹார்மோனி அரங்கம் 2017-இல் திறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே அதன் குட்டியைத் திறந்து காட்டுகிற சாமர்த்தியம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நமக்கு ஏற்ற முன்மாதிரி ராய்தான். ஒரு டேப், ஒரு நோட்டு, பிடிவாதம்.

சரி, நம் வீட்டு மேஜைக்கு வருவோம். வண்டிகள் ஓரளவு வந்துவிட்டன. 3டி அச்சிலும் தகட்டிலும் நம் ஆட்களே ஐசிஎஃப் பெட்டிகளும் என்ஜின்களும் செய்து ஓட்டுகிறார்கள். பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. அந்த வண்டி வந்து நிற்கிற ஸ்டேஷன்தான் பவேரியாவில் இருக்கிறது. நீலப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன, எதிரே ஜெரேனியம் பூத்தொட்டி வைத்த ஜன்னல். மஞ்சள் பலகையில் பெயரை மட்டும் விழுப்புரம் என்று எழுதி ஒட்டிவிட்டால் விழுப்புரம் ஆகிவிடுமா? கூரையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறதே. நம் ஸ்டேஷனின் முகம் தாழ்வாரம். மழைக்கும் வெயிலுக்கும் ஜனங்கள் ஒதுங்குகிற இடம். ஜெர்மன் கிட்டில் தாழ்வாரமே இருக்காது, இருந்தாலும் ஒரு முழம்.

அளவும் நமக்கு ஒத்துழைப்பதில்லை. அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். எச்ஓ-வில், அதாவது 87-இல் ஒரு பங்கில், அது 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். நாம் ஓட்டுவதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். நம் வண்டிகள் எல்லாம் கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பியக் கம்பெனிகளின் பழைய கட்டட கிட்கள் பல, பெட்டியில் எச்ஓ என்று போட்டிருந்தாலும், இடம் மிச்சம் பிடிக்க 100-இல் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சுருக்கிச் செய்தவை. நம் அகலப்பாதை 16.5 மில்லிமீட்டரில் சரியாக உட்கார வேண்டுமானால் அளவும் கிட்டத்தட்ட அதே 100-இல் ஒரு பங்குதான் வருகிறது. தண்டவாளமும் வீடும் ஒத்துப்போகின்றன, நடுவில் வண்டி மட்டும் பெரிது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மீட்டர்கேஜ் ஆசாமிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5, சுவிஸ் மலை ரயில்களுக்காக பெமோ முதலிய கம்பெனிகள் விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் சற்றேறக்குறையப் பொருந்திவிடுகிறது. பல்சட்டப் பாதைகூடக் கிடைக்கிறது. ஊட்டி ரயில் செய்ய நினைப்பவர்களுக்குப் பாதி வேலை சுவிட்சர்லாந்திலேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கல்லாறும் ஹில்குரோவும் ரன்னிமேடும் லவ்டேலும் எந்தப் பெட்டியில் வரும்? யாராவது ஒரு ஜெர்மன்காரர் குன்னூரில் தேனிலவு கொண்டாடிவிட்டுப் போய்ச் செய்தால்தான் உண்டு.

பெட்டியில் வருவதை வாங்குவதும் லேசாக இல்லை. சுங்கக் கணக்கில் பொம்மையும் அளவுச் சுருக்க மாடலும் ஒரே தலைப்பு. அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70 ஆயிற்று. உள்ளூர்ப் பொம்மைத் தொழில் வளரட்டும் என்று வைத்த வரி. நம் பொழுதுபோக்கை யாரும் குறிவைக்கவில்லை, நாம் குறுக்கே நின்றுகொண்டிருந்தோம், அவ்வளவுதான். என் கட்சி இதுதான்: திரைச்சீலைத் தாளுக்கு எழுபது சதவீதம் கட்டுவதற்குப் பதில் அந்தக் காசில் லேசர் வெட்டுகிறவரிடம் போகலாம்.

இதில் அவசரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 1992-இல் எல்லாப் பாதையையும் அகலப்பாதையாக்கும் திட்டம் தொடங்கியதிலிருந்து தென்னகத்து மீட்டர்கேஜ் ஸ்டேஷன்கள் கொத்துக் கொத்தாகப் போயின. செங்கோட்டை–புனலூர் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1904-இல் போட்டது, 2010-இல் மூடி, அகலப்பாதையாக்கி 2018-இல் முழுசாகத் திறந்தார்கள். தென்மலைப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலம் கல்லாக நின்றதால் பிழைத்தது. ஓட்டுக் கட்டடங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இப்போது ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டம். 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் 508 ஸ்டேஷன்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025 மே மாதம் 103 ஸ்டேஷன்களை ஒரே நாளில் திறந்தார்கள். லிஃப்ட் வந்திருக்கிறது, கழிப்பறை வந்திருக்கிறது, வயசான அம்மா படியேறாமல் அடுத்த பிளாட்பாரம் போகிறார். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் ஏது? பழைய முகப்பு புது அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் போவதற்கு முன் ஒரு மத்தியானம் கிடைக்குமா என்பதுதான் நம் கவலை.

எழும்பூரைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஹென்றி இர்வின் வரைந்து 1908-இல் திறந்த கட்டடம், ஆயிரம் படம் இருக்கிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரத்துக்கும் அன்பர்கள் உண்டு. யாரும் படம் எடுக்காத ஸ்டேஷன்தான் நம் பொறுப்பு. ஒரு நாளைக்கு நான்கு பாசஞ்சர் நின்று போகும், புளியமரமும் ஒரு சிமென்ட் பெஞ்சும் இருக்கும், டிக்கெட் கொடுக்கிறவரே கொடியும் பிடிப்பார், அந்த மாதிரி.

அங்கே போய் என்ன செய்வது? முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் இன்ன காரியம் என்று சொல்லிவிடுங்கள். கேட்காமல் டேப்பை நீட்டினால் யார் கண்ணுக்கும் விபரீதமாகத்தான் படும். மாடல் படத்தைப் போனில் காட்டினால் முக்கால்வாசிப் பேர் இளகிவிடுவார்கள், கடைசியில் உங்களை விட மாட்டார்கள். பெரிய அளவுகளுக்கு டேப்பே வேண்டாம். தண்டவாளமும் கட்டடமும் ஒரே படத்தில் வருகிற மாதிரி நேருக்கு நேர் நின்று எடுங்கள். தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர் என்பது மாறாது, கட்டடத்தின் பக்கச் சுவரை எடுக்கும்போது அதுவே அளவுகோல். உயர்ந்த பிளாட்பாரம் என்றால் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டருக்குள் இருக்கும், எச்ஓ-வில் 9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சு உதிர்ந்த இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்: ஒரு செங்கல்லை அளந்துகொண்டு வரிகளை எண்ணினால் சுவரின் உயரம் வந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் இடத்துக்கு இடம் மாறும், அதனால் அளக்காமல் ஒன்பது அங்குலம் என்று போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் அடியிலேயே எழுதுங்கள். எச்ஓ என்பதே ஒரு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்தான். கட்டினவரும் அடிக்கணக்கில் கட்டியவர், பத்தடித் தாழ்வாரம் 35 மில்லிமீட்டர் என்று கணக்கு வாயிலேயே வந்துவிடும்.

பிறகு சின்ன விஷயங்கள். தாழ்வாரத்து மரத்தூண் தரையில் நேராக நிற்கிறதா, கல் பாதத்தின் மேல் நிற்கிறதா? கூரை விளிம்பில் பல் பல்லாக வெட்டித் தொங்கும் பலகையின் ஒரு பல்லை மட்டும் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதன் நகல். டிக்கெட் ஜன்னலின் ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி எத்தனை தலைமுறைக் கை பட்டு எண்ணெய் ஏறியிருக்கிறது. மணிக்குப் பதில் தொங்கும் தண்டவாளத் துண்டு. மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள், அதில் எத்தனை காணோம். கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதிய மஞ்சள் பலகை. கைகாட்டி இழுத்த கம்பிகளுக்கான கப்பி எங்கேயாவது தரையில் துருப்பிடித்து மிச்சம் இருக்கும். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். முன்பக்கத்தை எல்லாரும் எடுப்பார்கள். குழாய் எங்கே இறங்குகிறது, சமையற்கட்டுப் புகை எந்தச் சுவரைக் கறுப்பாக்கியிருக்கிறது என்பதெல்லாம் பின்னால்தான்.

கட்டுவதற்குச் சாமான் எல்லாம் கட்டடக்கலை மாணவர்கள் வாங்கும் ஸ்டேஷனரிக் கடையிலேயே இருக்கிறது. சுவருக்கு 2 மில்லிமீட்டர் மவுண்ட் போர்டு, அல்லது சன்போர்டு. அட்டையில் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் தடவித் தாள் ஒட்டினால் காய்ந்ததும் அப்பளமாக வளையும். இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், உள்ளே மூலைக்கு மூலை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் ஸ்டேஷன் தானே வாயைத் திறந்துகொள்ளும். மங்களூர் ஓட்டுக் கூரைதான் உண்மையான சோதனை. ரீப்பருக்கு ரீப்பர் பன்னிரண்டரை அங்குலம் என்றால் எச்ஓ-வில் ஓட்டு வரிசை 3.65 மில்லிமீட்டர். மெல்லிய அட்டையில் லேசரால் ஓட்டின் விளிம்பை வெட்டி, பட்டை பட்டையாகக் கீழிருந்து மேலே ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்ட வேண்டும், நிஜ ஓட்டுக்காரர் செய்கிற மாதிரியே. ஒரே சிவப்பு அடிக்காதீர்கள். தாழ்வாரத்து விளிம்பு ஓடுகள் கறுத்திருக்கும், நடுவில் மாற்றிய நான்கைந்து ஓடு பளிச்சென்று இருக்கும். சோம்பல்பட்டால் பிளாஸ்டிக் ஓட்டுத் தகடு வாங்கி ஒட்டலாம், ஐரோப்பிய வளைவு ஓட்டுத் தகடே தூரத்துக்கு ஏமாற்றும். ஆனால் அதை ஒட்டிய லேஅவுட்டைப் பார்க்க வரும்போது என்னிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள்.

ஸ்டேஷனை முழுசாகச் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஐசிஎஃப் பெட்டி எச்ஓ-வில் 25 சென்டிமீட்டர் சொச்சம். இருபத்து நான்கு பெட்டி நிற்கிற பிளாட்பாரத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல் வேண்டும். நம் ஃபிளாட்டில் ஹாலைத் தாண்டிப் படுக்கையறை வழியாக அடுத்த வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய்விடும். அதனால்தான் சின்ன ஸ்டேஷனாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். மீட்டர்கேஜ் காலத்து வழியோர ஸ்டேஷன் கட்டடம் பலது ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும். இடம் இன்னும் இல்லையென்றால் பின்சுவரோடு ஒட்டி முன்பாதியை மட்டும் கட்டலாம்.

ஜெர்மன் கிட் வாங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெர்மன் ரயில் ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கட்டும், அது அதற்கு அழகு. தையில் போன் அலறட்டும். நான் கேட்பது ஒன்று: ஆளுக்கொரு ஸ்டேஷன் எடுத்துக்கொள்வோம், அவரவர் சொந்த ஊருக்கோ மாமியார் ஊருக்கோ போகிற வழியில் இருப்பதாக. அளவு எழுதிய தாளைப் பொத்திவைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் கொடுப்போம். ஒருவர் அளந்தால் பத்துப் பேர் கட்டலாம், லேசர்காரரிடமும் பத்துத் தாளாக வெட்டினால் விலை இறங்கும். தனுஷ்கோடி மாதிரி 1964 புயலில் போனதைச் செய்ய நினைக்கிறவர்களும் வாருங்கள். இடிபாடு இன்னும் மணலில் நிற்கிறது. போட் மெயிலில் போய்க் கப்பலேறி தலைமன்னார் இறங்கிய பெரியவர்கள் இங்கேயும் இலங்கையிலும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்க வேண்டியது நிறைய.

என் பங்குக்கு ஒரு உடனடித் தேவை. பழைய தென்னக மீட்டர்கேஜ் ஸ்டேஷன் டிக்கெட் ஜன்னலை உள்பக்கத்திலிருந்து எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அட்டை டிக்கெட் அடுக்கிய மர அலமாரியும் தேதி குத்தும் மெஷினும் தெரிகிற படமாக இருந்தால் ரொம்ப நல்லது. வெளிப்பக்கம் என்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது. அளவு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் போதும். அவருடைய உயரம் மட்டும் அடிக்கணக்கில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்